நாலு தபால் கார்டு

சனி, ஞாயிறு ஆனா ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கோன் அடுக்கி வெச்சு ஆட்டோகிராஸ் ஓட்டற கூட்டத்துல நானும் ஒருத்தன்னு இங்க வழக்கமா வர்ற மக்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தோட எனக்கு ரொம்ப நாளா ஒரு சண்டை இருக்கு. இன்னிக்கு அதை இறக்கி வெச்சுடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க பக்கத்துல இன்னொரு விண்டோவைத் திறந்து வெச்சுக்கிட்டுப் படிங்க, டேமேஜர் வந்தா மாத்திக்கலாம் :-)

என் கட்சி இதுதான். கார் திரும்பலன்னு புலம்பற பத்துப் பேர்ல ஒருத்தர்கூடக் குனிஞ்சு டயரைப் பார்க்கறதில்ல. எல்லாரும் இன்ஜினைப் பத்தியே பேசறாங்க. நடத்தறவங்களும் நேரத்தை மட்டும் பார்த்து கப் குடுத்து அனுப்பிடறாங்க. இந்த விளையாட்டுல கத்துக்க வேண்டிய ஒரே முக்கியமான பாடம் டயர்தான். அதைச் சொல்லித் தராம ஆட்டோகிராஸ் நடத்தறது, நீச்சல் குளத்துல தண்ணி விடாம டைவிங் போட்டி நடத்தற மாதிரி.

ஆட்டோகிராஸ் தெரியாதவங்களுக்கு ஒரு பாராவுல சொல்லிடறேன். அகலமான ஒரு தரை. அதுல கோன் வெச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை. ஒரு நேரத்துல ஒரு கார்தான் ஓடும், யாரோடயும் மோதறதுக்கு இல்ல. கடிகாரத்தோடதான் போட்டி. பெரும்பாலும் ரெண்டாவது கியர், நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகம், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். கோனை இடிச்சா நேரத்துல தண்டனை சேரும். அதிகாரபூர்வமா எஃப்எம்எஸ்சிஐ கூட்டமைப்பு தேசிய அளவுல நடத்தற ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் தரையில நடக்கும், அது வேற கலை. நான் பேசறது தார், கான்கிரீட் தரையில வீட்டுக் காரையே கொண்டு வந்து ஓட்டற வகை. ஆபீஸ் போற அதே ஸ்விஃப்ட், அதே ஐ20, அப்பாவோட பழைய ஆல்ட்டோ.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாம நிக்கற இடம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், 1998-ல சான்ட்ரோ வெளிய வந்த இடம். ஒரகடத்துல ராயல் என்ஃபீல்டு, பாரத்பென்ஸ் லாரி பண்ற டெய்ம்லர். அதே ஒரகடத்துல அப்போலோ டயர் தொழிற்சாலை. கண்ணந்தாங்கல்ல 2020-ல சியட் திறந்தாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர். ஒரகடம் சிப்காட்டுக்குள்ளயே வண்டிகளைச் சோதிக்கறதுக்குன்னு மத்திய அரசோட ஆராய்ச்சி மையம், அதுக்குள்ள சோதனை ஓடுபாதைகள். இருங்காட்டுக்கோட்டையில 1990-ல இருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் டிராக், 3.7 கிலோமீட்டர், இப்ப பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். அதுக்கு முன்னாடி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் ஓட்டின ஊரு இது. இத்தனையும் கூப்பிடு தூரத்துல வெச்சுக்கிட்டு, நம்மாளு கார் வாங்கி நாலு வருஷம் ஆகியும் தன் டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு தெரியாம இருக்கான். தெருமுனையில தண்ணித் தொட்டி இருந்தும் குளிக்காம இருக்கற கதை.

நான் அங்க பாதி நாள் நேரம் குறிக்கற ஆள். லேப்டாப்பும் கையுமா கொடைக்கு அடியில உக்காந்திருப்பேன் (பொட்டி தட்டறவனுக்கு வாரக் கடைசியிலயும் பொட்டிதான்). ஓட்டி முடிச்சுட்டு வர்றவங்க முதல்ல நிக்கறது என் மேஜையிலதான். அதனால எல்லாப் புலம்பலும் என் காதுல விழும். "மச்சான், முன்னாடி போயிட்டே இருக்குடா, திரும்பவே மாட்டேங்குது." இதுதான் நம்பர் ஒன். "ரீமேப் பண்ணினா சரியாயிடும்னு நினைக்கிறேன்." இது நம்பர் டூ. ரெண்டையும் சேர்த்து யோசிங்க. கார் திரும்பலன்னு சொல்ற அதே வாய், அதுக்கு மருந்தா இன்னும் பவர் வேணும்னு சொல்லுது! வயித்து வலிக்கு இன்னொரு பிளேட் பிரியாணி.

சின்னதா ஒரு கணக்குப் போடுவோம். எட்டாங்கிளாஸ் இயற்பியல்தான், பயப்படாதீங்க. ஓட்டறவரோட சேர்த்து ஒரு ஸ்விஃப்ட் சுமார் 970 கிலோன்னு வெச்சுக்குவோம். நாலு சக்கரத்துக்கும் பிரிச்சா ஒண்ணுக்கு 240 சொச்சம். 30 பிஎஸ்ஐ காத்துன்னா சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ அழுத்தம். வகுத்துப் பாருங்க, ஒவ்வொரு டயரும் தரையைத் தொடற இடம் சுமார் 115 சதுர சென்டிமீட்டர்தான். டயர் சுவரோட விறைப்பு அது இதுன்னு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா அளவு இதுதான். நம்ம ஊர் தபால் கார்டு 14-க்கு 9 சென்டிமீட்டர், 126 சதுர சென்டிமீட்டர். ஆக, உங்க கார், உங்க குடும்பம், இஎம்ஐ, பின் சீட்ல தூங்கற குழந்தை எல்லாத்தையும் தரையோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது நாலு தபால் கார்டு ரப்பர். இன்ஜின் எவ்வளவு குதிரைத்திறன் குடுத்தாலும், பிரேக் எவ்வளவு பெருசா இருந்தாலும், எல்லாம் அந்த நாலு கார்டு வழியாத்தான் தரைக்குப் போகணும்.

அந்தக் கார்டுக்கு ஒரே ஒரு சம்பளம்தான் உண்டு. பிரேக்குக்குச் செலவு பண்ணினா திரும்பறதுக்கு மிச்சம் குறையும். திரும்பறதுக்கு முழுசா செலவு பண்ணிட்டா ஆக்ஸிலேட்டருக்குப் பைசா இருக்காது. நம்ம முன்சக்கர இழுவைக் கார்கள்ல இன்ஜினும் கியர்பாக்ஸும் மூக்குலயே உக்காந்திருக்கு. எடையில அறுபது சதவீதத்துக்கு மேல முன்னாடி. இழுக்கறதும் முன் டயர், திருப்பறதும் முன் டயர், பிரேக்ல பெரும்பங்கும் முன் டயர். பின் டயர் ரெண்டும் அரசு ஆபீஸ்ல மதியம் மூணு மணிக்கு இருக்கற மாதிரி சும்மா கூட வந்துட்டு இருக்கு. இப்படி ஒரு வண்டியை வேகமா கோனுக்குள்ள விட்டா மூக்கு நேரா போகத்தான் செய்யும். அதுக்குப் பேருதான் அண்டர்ஸ்டியர்.

அப்ப நம்மாளு என்ன பண்றான்? இன்னும் ஸ்டியரிங்கை ஒடிக்கறான். டயர் ஓர் அளவு கோணம் வரைக்கும்தான் பிடிக்கும், அதைத் தாண்டினா வழுக்கத் தொடங்கும். வழுக்கற டயரை இன்னும் ஒடிச்சா அது ரப்பரைத் தரையில தேய்க்கற அழிப்பானா மாறிடும், அவ்வளவுதான். 'கீ...கீ...'ன்னு அழும் பாருங்க, அந்தச் சத்தம். சுத்தி நிக்கற பசங்க அதுக்குக் கைதட்டுவாங்க. டயர் உதவி கேட்டு அழற சத்தத்துக்குக் கைதட்டற ஒரே விளையாட்டு இதுதான்னு நினைக்கிறேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுக் குடுத்து, கால எடுத்து, டயர் மறுபடி பிடிக்கற வரைக்கும் அரை வினாடி காத்திருக்கறது, இதுதான் வைத்தியம். பயத்துல கை எதிர்மாறாத்தான் வேலை செய்யும். அதை மாத்தறதுக்கு ஒரே வழி பாதுகாப்பான இடத்துல நூறு தடவை வழுக்கிப் பார்க்கறது. ஆட்டோகிராஸ் எதுக்குன்னு யாராவது கேட்டா நான் சொல்ற பதில் இது ஒண்ணுதான்.

அடுத்தது காத்து. இதுல இருக்கற மூடநம்பிக்கைக்கு அளவே இல்ல. "காத்தைக் கம்மி பண்ணு பாஸ், கிரிப் கூடும்" அப்படின்னு ஒரு சித்தர் வாக்கு எல்லா மீட்லயும் கேக்கும். மணல்ல, சேத்துல அது உண்மை. டயர் அகலமா பரவி மிதக்கும். தார்த் தரையில, 165/80 ஆர் 14 மாதிரி உயரமான சுவர் இருக்கற சாதா டயர்ல, காத்தைக் கம்மி பண்ணினா திருப்பத்துல டயர் மடங்கி தோள்பட்டையில ஓடும். நடுவுல இருக்கற ரப்பர் வேலையே செய்யாது. தபால் கார்டு பாதியாயிடும். கொஞ்சம் கூட்டினா சுவர் நிமிர்ந்து நிக்கும், கார்டு முழுசா தரையில படியும். அதுக்காக ஏத்திக்கிட்டே போனா டயர் நடுவுல உப்பி மறுபடி கார்டு சுருங்கிடும். ஆக நடுவுல எங்கயோ ஒரு உச்சி இருக்கு. அது ஒவ்வொரு காருக்கும் டயருக்கும் வேற வேற. யாரையும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது, அளந்துதான் பார்க்கணும்.

அளக்கறதுக்கு ஆகற செலவு ஒரு சாக்பீஸ். டயரோட தோள்ல, தரையைத் தொடற பட்டையில இருந்து சுவர் வரைக்கும் சாக்பீஸால குறுக்க ஒரு கோடு போடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பாருங்க. பல டயர்ல தோள்கிட்ட சின்ன முக்கோணம் ஒண்ணு அச்சடிச்சிருக்கும். சாக்பீஸ் அந்த முக்கோணத்தைத் தாண்டிச் சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா டயர் மடங்குது, காத்து ஏத்துங்க. முக்கோணத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னிருந்தா காத்து அதிகம், கொஞ்சம் விடுங்க. அவ்வளவுதான் ராக்கெட் சயின்ஸ். கூடவே பின் டயர்ல ரெண்டு மூணு பிஎஸ்ஐ ஏத்திப் பார்த்தா பின்பக்கம் கொஞ்சம் இளகி, கார் மூக்கை உள்ள திருப்ப உதவும். (இது கோனுக்கு நடுவுல மட்டும். வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுக்கு நாலு டயரையும் கொண்டு வந்துடணும். இதுல விளையாட்டு வேண்டாம்.)

போன தடவை ஒரு பையன், கல்லூரி முடிச்சு இப்பத்தான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில சேர்ந்திருக்கான், அப்பாவோட ஆல்ட்டோவைக் கொண்டு வந்திருந்தான். 145/80 ஆர் 12. முன் டயர்ல 24 இருந்துச்சு. "பங்க்ல 35-னு சொல்லித்தான்ணே அடிச்சேன்"னு சத்தியம் பண்றான். எப்ப அடிச்சன்னு கேட்டா, தீபாவளிக்கு. பங்க்ல அளக்கற மீட்டரும் எல்லாம் ஒரே மாதிரி காட்டறதில்ல. சொந்தமா ஒரு கையடக்க மீட்டர் வெச்சுக்கறதுதான் நல்லது, எப்பவும் ஒரே மீட்டர்ல அளந்தா ஒப்பிடவாவது முடியும். சாக்பீஸ் போட்டு, காத்து ஏத்தி, மூணு ரவுண்டு ஓட விட்டோம். அதே பையன், அதே கார், அதே பாதை. ரெண்டு வினாடி குறைஞ்சுது. ரீமேப்பும் இல்ல, ஏர் ஃபில்டரும் இல்ல. பக்கத்துல எழுபதாயிரத்துக்கு எக்ஸாஸ்ட் போட்ட அண்ணன் ஒருத்தர் முகத்தைப் பார்த்திருக்கணுமே.

நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. வெளிநாட்டு ஆட்டோகிராஸ் கட்டுரைகளைப் படிச்சுட்டு, "ஒரு நிமிஷத்துல டயர் சூடாகாது, அதனால சூடேத்தணும்"னு ஒரு கோஷ்டி சுத்துது. அது குளிர் நாட்டுக் கவலைங்க. இங்க மே மாசம் மதியம் ரெண்டு மணிக்குத் தரையில செருப்பில்லாம நிக்க முடியாது. டயருக்குள்ள காத்தோட சூடு 10 டிகிரி ஏறினா அழுத்தம் சுமாரா ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். காலையில ஏழு மணிக்கு அளந்த அளவு மதியம் பொய்யாயிடும். நாலஞ்சு ரவுண்டு அடுத்தடுத்து ஓட்டினா சாதா டயரோட ரப்பர் மேல்பட்டை மெழுகு மாதிரி ஆயிடும், அப்ப எவ்வளவு திறமையா ஓட்டினாலும் நேரம் ஏறிக்கிட்டேதான் போகும். செடிக்குத் தண்ணி தெளிக்கற ஸ்ப்ரேயர்ல டயர் மேல தண்ணி அடிச்சு, வண்டியை நிழல்ல நிறுத்தினாலே பாதி சரியாயிடும்.

அலாய் வீல் கோஷ்டியைப் பத்தி அதிகம் எழுதல, பகை வேண்டாம். 14 இன்ச் இருந்த இடத்துல 16 போட்டு, வளைவுல மட்கார்டு உரசி, கனமான சக்கரத்தைச் சுத்தறதுக்கே இன்ஜினோட மூச்சு வாங்க, "லுக்கு எப்படி பாஸ்?"னு கேக்கறாங்க. லுக்கு சூப்பர் பாஸ்.

இப்ப உண்மையான சண்டைக்கு வர்றேன். நம்ம மீட்ல கொஞ்ச நாளா ஒரு பழக்கம் வந்திருக்கு. 'ஸ்டாக்' வகுப்புன்னு பேரு, அதாவது காரை மாத்தாம அப்படியே ஓட்டணும். ஆனா டயருக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஒருத்தர் இறக்குமதி பண்ணின, பாதி ரேஸ் டயர் மாதிரி இருக்கற மென்மையான டயரைப் போட்டுக்கிட்டு வர்றார். சாதா டயர்ல இருக்கறவங்களை எல்லாம் பல வினாடி வித்தியாசத்துல தூக்கிச் சாப்பிட்டுட்டு கப் வாங்கிட்டுப் போறார். "இன்ஜினைத் தொடலையே, ஸ்டாக்தானே"ன்னு வாதம். நடத்தறவங்களும் தலையாட்டறாங்க.

இது மோசடின்னு சொல்ல வரல, விதியில அனுமதி இருக்கு. விதிதான் தப்பு. நம்ம ஊர்க் காரோட வர்ற டயர் எதுக்காகச் செஞ்சதுன்னு பாருங்க. 'எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?'ங்கறதுதான் தேசிய கேள்வி. உருளும்போது தடை குறையணும், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கணும், அதனால ரப்பர் கெட்டியா இருக்கும். பிடிப்பு, ஆயுள், மைலேஜ் மூணுல ரெண்டு வேணும்னா மூணாவது கொஞ்சம் அடி வாங்கும். சாஃப்ட்வேர்ல சீக்கிரமா, சீப்பா, நல்லதா, எதாவது ரெண்டை எடுத்துக்கோன்னு சொல்வாங்களே, அதே பஞ்சாயத்து. கெட்டி டயர்ல ஓட்டறவனும் மென்மையான டயர்ல ஓட்டறவனும் ஒரே வகுப்புல இருந்தா அது ஓட்டறதுல போட்டி இல்ல, கிரெடிட் கார்டுல போட்டி.

அமெரிக்காவுல எஸ்சிசிஏ சங்கம் இதுக்கு நேர்த்தியா ஒரு வழி வெச்சிருக்கு. டயர் சுவர்ல 'டிரெட்வேர்'னு ஒரு எண் இருக்கும், எண் கூடக்கூட ரப்பர் கெட்டி, ஆயுள் அதிகம்னு அர்த்தம். அவங்களோட தெருக் கார் வகுப்புகள்ல அந்த எண் 200-க்குக் குறைஞ்சா அனுமதி கிடையாது. அதையும் ஏமாத்தற டயர் கம்பெனிகள் உண்டு, அது வேற கதை. நம்ம உள்ளூர் டயர் எல்லாத்துலயும் அந்த எண் அச்சடிச்சிருக்காது. அதனால நமக்கு இன்னும் எளிமையா ஒண்ணு போதும்: ஸ்டாக் வகுப்புன்னா அந்தக் கார் ஷோரூம்ல இருந்து வந்த அதே அளவு, உள்ளூர் கடையில கிடைக்கற சாதா டயர். மத்தவங்களுக்குத் தனி வகுப்பு. இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல.

"காசு இருக்கறவன் நல்ல டயர் போடறான், உனக்கென்ன வயித்தெரிச்சல்?"னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் இது. அந்த ஆல்ட்டோ பையன் மாதிரி ஆளுங்க ரெண்டு தடவை வந்து, ஜெயிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சா மூணாவது தடவை வர மாட்டாங்க. வேகத்து மேல இருக்கற ஆசை மட்டும் போயிடாது. அவங்க எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு. ஆறு லேன், வழவழன்னு இருக்கு, நடுவுல கன்டெய்னர் லாரி இண்டிகேட்டர் போடாம திரும்பும். கோனை இடிச்சா நேரத்துலதான் தண்டனை. அங்க லாரி.

சின்ன கார்ல கத்துக்கிட்டவங்க எவ்வளவு தூரம் போனாங்கன்னு பார்க்க இந்த ஊரை விட்டு வெளிய போக வேண்டாம். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜினை வெச்சு ஒற்றை இருக்கை ரேஸ் கார் பண்ணினார், ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே இன்ஜின், பவர் கம்மி, அதனால வளைவுல எவன் வேகத்தைத் தொலைக்காம வர்றானோ அவன் ஜெயிப்பான். நரேன் கார்த்திகேயன் தன்னோட முதல் ரேஸை ஓட்டினது அந்த மாதிரி ஒரு கார்ல, இதே ஸ்ரீபெரும்புதூர்ல. முதல் ரேஸ்லயே மேடை ஏறினார்.

அதே நரேன் 2005-ல ஜோர்டான் அணியில ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். ஓர் இந்தியர் ஃபார்முலா ஒன்ல முதல் முதலா புள்ளி எடுத்தது எப்படின்னு ஞாபகம் இருக்கா? எனக்கு அப்ப மூணாங்கிளாஸ், பின்னாடி வீடியோவுலதான் பார்த்தேன். ஜூன் 19, 2005, இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமை பயிற்சியில சாய்வான பதிமூணாவது வளைவுல ரால்ஃப் ஷூமாக்கரோட மிஷலின் டயர் தோத்துப் போய்க் கார் சுவர்ல மோதுச்சு. அந்த வளைவுல பின் இடது டயர் மேல விழற சுமையை எங்க டயர் ரேஸ் முழுக்கத் தாங்கும்னு உத்தரவாதம் தர முடியாதுன்னு மிஷலினே சொல்லிட்டாங்க. வளைவுக்கு முன்னாடி வேகத்தைக் குறைக்கற மாதிரி பாதையை மாத்தக் கேட்டதுக்கு எஃப்ஐஏ ஒத்துக்கல. ஞாயித்துக்கிழமை சம்பிரதாயச் சுத்து முடிஞ்சதும் மிஷலின் போட்ட 14 காரும் நேரா உள்ள போய் நின்னுடுச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே கார், ரெண்டு ஃபெராரி, ரெண்டு ஜோர்டான், ரெண்டு மினார்டி. மைக்கேல் ஷூமாக்கர் ஜெயிச்சார். நரேன் நாலாவது, 5 புள்ளி.

பலர் இதைக் கேலியாச் சொல்வாங்க, "ஆறு பேர் ஓடின ரேஸ்ல நாலாவதா"ன்னு. எனக்கு அதுல தெரியறது வேற. உலகத்துலயே அதிகப் பணம் செலவழிக்கற, அதிகப் பொறியாளர் இருக்கற ஏழு அணிகள், டயர் சரியில்லன்னு தெரிஞ்சதும் லட்சம் பேர் கூச்சல் போட்டாலும் பரவாயில்லன்னு காரை நிறுத்தினாங்க. நம்ம ஆளு மொட்டை டயரோட ஸ்டார்ட் கோடு வரைக்கும் வந்து, "இன்னும் ஆறு மாசம் ஓடும் பாஸ்"ங்கறான்.

மொட்டை டயர்னதும் ஒரு விஷயம். இதைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க மாட்டேன். ரெண்டு டயர் மட்டும் புதுசு வாங்கினா எங்க போடுவீங்க? பஞ்சர் கடை அண்ணன் கண்ண மூடிக்கிட்டுச் சொல்வார், "தம்பி, இழுக்கறது முன் வீலு, திரும்பறதும் முன் வீலு, புதுசை முன்னாடி போடு." கேக்க நியாயமா இருக்கும். டயர் கம்பெனிகளே சொல்றது இதுக்கு நேர் எதிர், புதுசு பின்னாடி. ஏன்னா முன் டயர் வழுக்கினா ஸ்டியரிங்ல தெரியும், கால எடுத்தா வேகம் குறைஞ்சு திரும்பப் பிடிக்கும். பின் டயர் வழுக்கினா ஒண்ணுமே தெரியாது, தெரியும்போது வண்டி பின்பக்கம் முன்னாடி வந்துடும். அதைக் கையால சமாளிக்கறது பழகினவங்களுக்கே கஷ்டம்.

இதை வாயால சொன்னா யாரும் நம்பறதில்ல. ஆட்டோகிராஸ்ல கண்ணால பார்க்கலாம். பின் டயர் தேஞ்ச ஒரு ஹேட்ச்பேக்கை ஐம்பதுல கோனுக்குள்ள விட்டு, பாதி வளைவுல பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டா, மூக்கு இறங்கி, பின்பக்கம் லேசாகி, அப்படியே பம்பரம் மாதிரி சுத்தி நிக்கும். நாலு கோன் பறக்கும், எல்லாரும் சிரிப்பாங்க, ஓட்டினவன் வெளிறிப் போய் இறங்குவான். அவன் வாழ்நாள் முழுக்க பின் டயரைப் பார்ப்பான். அதே காரியம் நவம்பர் மழையில பெங்களூர் ஹைவேல எண்பதுல நடந்தா சிரிக்க யாரும் இருக்க மாட்டாங்க.

நாம சொந்தக் கார்ல போறவங்க, ஏதோ செய்துக்கறோம். இந்தப் பகுதியில விடியக்காலையிலயும் நடுராத்திரியிலயும் ஷிஃப்ட் மாறும்போது நின்னு பாருங்க. விடுதியில இருந்து தொழிற்சாலைக்குப் பொண்ணுங்களை ஏத்திக்கிட்டு வரிசையா வேனும் பஸ்ஸும் போகும். போன மழைக்காலத்துல டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தப்ப ஒரு வேன் வந்து நின்னுது. பழக்கதோஷத்துல குனிஞ்சு பின் டயரைப் பார்த்தேன். நடுவுல பள்ளமே இல்ல, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. உள்ள பதினஞ்சு பேர் இருப்பாங்க, பாதிப் பேர் தூக்கத்துல. டிரைவர் அண்ணன்கிட்ட மெதுவா, "அண்ணே, பின் டயர் போயிடுச்சுண்ணே"ன்னேன். "தெரியும் தம்பி. ஓனர்கிட்ட ரெண்டு மாசமா சொல்லிட்டு இருக்கேன். மழை வந்தா நாற்பதைத் தாண்ட மாட்டேன்"னார். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அந்த இடத்துல இருந்து டயர் தொழிற்சாலை பைக்ல கால் மணி நேரம்.

கார் டயர்ல பள்ளத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போகக் கூடாதுன்னு விதி. டயர் பள்ளத்துக்குள்ளயே சின்னச் சின்ன மேடு வெச்சிருப்பாங்க, மேற்பரப்பு அந்த மேட்டோட சமமாயிட்டா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். மீட்டரே வேண்டாம், விரலால தடவினாலே தெரியும். பள்ளம் நல்லா இருந்தாலும் வயசைப் பாருங்க. வீட்ல இருந்தே வேலை பார்த்து, பேஸ்மென்ட்லயே நின்ன கார்கள்ல இது ரொம்ப சகஜம், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கட்டை மாதிரி இறுகியிருக்கும். சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319-னா 2019-ஓட 23-வது வாரம். டயர்களுக்கு ஈரத்தரைப் பிடிப்பு, உருளல் தடை, சத்தம் மூணுக்கும் மத்திய அரசு 2022-ல தரம் வகுத்து அறிவிச்சாங்க, நல்ல விஷயம்தான். புது டயருக்குத் தரம் வந்தாச்சு. தேஞ்ச டயரைக் குனிஞ்சு பார்க்கறதுக்குத்தான் ஆள் இல்ல.

அதனால மீட் நடத்தற நண்பர்களுக்கு (பேர் சொல்லல, படிக்கறீங்கன்னு தெரியும்) என் கோரிக்கை. ஹெல்மெட் பார்க்கறீங்க, சீட் பெல்ட் பார்க்கறீங்க, பேட்டரி ஆடுதான்னு பார்க்கறீங்க. டயருக்கும் நாலு நிமிஷம் ஒதுக்குங்க. பள்ளம் தேஞ்சிருந்தா தரைக்கு அனுப்பாதீங்க, காசைத் திருப்பிக் குடுத்து அனுப்புங்க. ஸ்டாக் வகுப்புக்கு சாதா டயர்னு எழுதி வைங்க. முறையா கிளப் வழியா, அனுமதியோட நடத்துங்க, ஏன்னா பந்தயம், வேகச் சோதனைன்னு வந்தா நம்ம சாதா மோட்டார் பாலிசி கை விரிச்சுடும், அது பலருக்குத் தெரியாது. முடிஞ்சா மூணு மாசத்துக்கு ஒரு தடவை காலையில ரெண்டு மணி நேரம் நேரமே குறிக்காம, தரையில தண்ணி ஊத்தி, வேன் ஓட்டற அண்ணன்களைக் கூப்பிட்டு வழுக்க விட்டுக் காட்டுங்க. அவங்க ஓனர்களையும் பக்கத்து சீட்ல உக்கார வைங்க. அதுதான் எனக்கு ரொம்ப ஆசை :-)

நேரம் குறிக்க ஆள் இல்லாத அன்னிக்கு எனக்கும் வேலை இருக்காது. தண்ணி ஊத்தற வேலையை நான் எடுத்துக்கறேன். சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கேன், காத்து மீட்டர் ரெண்டு இருக்கு. பத்து லிட்டர் ஸ்ப்ரேயர் யார்கிட்டயாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.